உங்களுக்கு நண்டு ஆகாதாம், அக்கா

என் ஆசை அக்கா,

முதலில் உங்களோடு சண்டைதான் பிடிக்கப் போகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உயிரோடு இருந்த காலத்தில் நான் வாய் திறந்தால் "சும்மா இரடி" என்று அடக்கிவிடுவீர்கள். இப்போது அடக்க ஏலாதுதானே? கேளுங்கள்.

உங்கள் எட்டுச் செலவன்று என்ன நடந்தது தெரியுமா? செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைக்கிற வழக்கம்தானே நமக்கு. கிண்ணியாவில் இருந்து வருகிற மீன்கார நானாவை மறித்து, சதைப்பிடிப்பான நண்டாகப் பார்த்து வாங்கி, முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்து, கப்பல்துறையில் இருந்து பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு லிங்கநகரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசம் பஸ்ஸெல்லாம் பரவி, இறங்கும்வரை எல்லாரும் என் மடியையே பார்த்தார்கள்.

உங்கள் மகள் சுதா மூடியைத் திறந்தாள். "என்ன சின்னம்மா இது? அம்மாவுக்கு நண்டு ஆகாதெல்லோ! உடம்பெல்லாம் கடிச்சுத் தடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றாள். கனடாவில் இருந்து செத்த வீட்டுக்கு ஓடி வந்த பிள்ளை, எனக்கு உங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். அத்தான் கதிரையில் இருந்தபடியே என்னைப் பார்த்து, "அதை அங்காலை வையும் பிள்ளை. அவளுக்குக் கூடாத சாமானை அவளின்ரை படத்துக்கு முன்னாலை வைக்காதையும்" என்று கண் கலங்கினார்.

உங்களுக்கு என்ன படைத்தார்கள் என்று கேளுங்கள். பூசணிக்காய்! மலிவென்று கிழமைக்கு நாலு தரம் நீங்கள் காய்ச்சியதால் உங்களுக்கு அதில் உயிராம். எனக்கு வந்த விசரில் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் நின்றுவிட்டேன்.

யாரைக் குறை சொல்ல? எல்லாம் நீங்கள் செய்த வேலை. கலியாணம் கட்டிய புதிதில், துறைமுகத்தில் அத்தானோடு வேலை செய்தவர்கள் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றார்கள். சட்டியில் இருந்த நண்டு அவர்களுக்கே காணாது. அத்தான் பாவம், "நீரும் இருந்து சாப்பிடுமன்" என்று கூப்பிட்டார். "எனக்கு நண்டு ஆகாது, உடம்பு கடிக்கும்" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டீர்கள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அத்தோடு முடிந்ததா? அத்தான் அதைத் தேவவாக்காக எடுத்துக்கொண்டார். "உமக்கு ஆகாத சாமான் இந்த வீட்டுக்குள்ளை வேண்டாம்" என்று தன் வாயையும் கட்டினார். அவருக்கும் நண்டென்றால் உயிர். ஆளுக்காள் அன்பு வைத்தே முப்பது வருசம் இரண்டு பேரும் நண்டு தின்னாமல் இருந்தீர்கள். கடலும் களப்பும் சுற்றிக் கிடக்கிற ஊரில் இப்படியும் ஒரு குடும்பமா?

ஆனால் நீங்கள் முழுக்கத் தின்னாமல் இருக்கவில்லையே! மாதம் ஒருதரம் "தங்கச்சி தனிய இருக்கிறாள், பார்த்திட்டு வாறன்" என்று கப்பல்துறைக்கு வந்துவிடுவீர்கள். கால் ஒவ்வொன்றாக உடைத்து உறிஞ்சி, வாய் எரிய எரிய, ஒரு கதையும் இல்லாமல் சாப்பிடுவீர்கள். பிறகு மணம் போக தேசிக்காயால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவீர்கள். "ஒருக்கால் உள்ளதைச் சொன்னால் என்ன அக்கா?" என்று கேட்டால், "இத்தனை வருசத்துக்குப் பிறகோடி? மனுசன் என்ன நினைக்கும்?" என்பீர்கள்.

நண்டோடு விட்டிருந்தால் நானும் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

சுதாவுக்கு மூத்தவன் பிறக்க இருந்தபோது உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டாள். நீங்களும் நானும் டவுனுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தோம். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கவென்று உள்ளி, பெருங்காயம், சரக்குத் தூள் எல்லாம் எழுதி வைத்தீர்கள். அன்று பின்னேரம் அத்தான் பேப்பரைப் பார்த்தபடி, "போமன், போமன். அப்ப எனக்கு ஆர் சோறு தாறது? கடைச் சோறு திண்டு நானும் போய்ச் சேரவேண்டியதுதான்" என்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மனுசன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த நாள் சுதாவுக்குப் போன் எடுத்து, "எனக்குப் பிளேன் ஏறப் பயம் மோனை" என்றீர்கள். அவள் மூன்று தரம் கெஞ்சினாள். நாலாம் தரம் கேட்கவில்லை. "அப்பாவாலைதான் எண்டு தெரிஞ்சால் அவள் அவரோடை கோவிப்பாள், சொல்லிப்போடாதை" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்த நீங்களே உங்கள் வாயையும் கட்டி, என் வாயையும் கட்டினால் எப்படி அக்கா?

பூசணிக்காய்ப் படையல் முடிந்து ஏனம் கழுவும்போது சுதா என்ன சொன்னாள் தெரியுமா? "கண்டி பஸ்ஸிலை நிண்டுகொண்டு போற மனுசி, பிளேனுக்குப் பயமாம். விருப்பமில்லை எண்டு சொல்லியிருக்கலாம் சின்னம்மா." பெற்ற பிள்ளை, தாய்க்குத் தன்மேல் பட்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டு நாலு வருசம் இருந்திருக்கிறாள். சத்தியத்தை நினைத்து நான் பேசாமல் இருந்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

போன மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். சுதா ஐந்து மாத வயிற்றோடு வந்திருந்தாள். இரண்டாவது. உங்கள் குசினியில் நான் பருப்பைத் துழாவிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்று, "சின்னம்மா, பிள்ளைப் பெத்துக்கு நீங்களாவது வாறீங்களே?" என்று கேட்டாள்.

ஐயோ அக்கா, எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் நெஞ்சுக்குள் முதலில் ஓடியது என்ன? அத்தானுக்கு ஆர் சமைக்கிறது என்பதுதான். நீங்கள் போனதில் இருந்து கிழமையில் நாலு நாள் நான்தானே பஸ் ஏறி வந்து அவருக்குச் சமைக்கிறேன். வாய் தானாகவே, "எனக்கு உந்தக் குளிர் ஒத்துவராது மோனை" என்றது.

அவள் "ஓம்" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, நீங்கள் போனில் பேசிய அன்று அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

அகப்பையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நண்டு, பாஸ்போட் படம், சத்தியம், எல்லாம். விறாந்தையில் இருந்த அத்தான் எழும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரும் அவரைக் கோவிக்கவில்லை அக்கா. நீங்கள் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

சுதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அம்மா வர விருப்பப்பட்டவவோ?"

"ஓம்" என்றேன். பிறகு அவள் அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லை, பார்க்காததே நல்லது. "அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று என்னைப் பிடித்து உலுப்பினாள். அதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல? உங்களிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் ஏன் சொல்லவில்லை?

எனக்கும் பாஸ்போட்டுக்குக் கொடுத்தாயிற்று. அத்தான் சோறு வடிக்கப் பழகுகிறார். நேற்று வடித்தது களி. "பரவாயில்லை, நீர் போயிட்டு வாரும்" என்று அதையே உப்புப் போட்டுச் சாப்பிட்டார். சரக்குத் தூள் நானே இடித்துக்கொண்டு போவேன்.

கனடாவுக்குத் திரும்பிப் போன சுதா இப்போது ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாள். ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டு, வைக்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அம்மா உண்மையா வர விருப்பப்பட்டவவோ சின்னம்மா?" என்று கேட்கிறாள். நான் "ஓம்" என்கிறேன். அடுத்த நாளும் கேட்கிறாள்.

போய் அவள் பக்கத்தில் இருந்து, அவள் எத்தனை தரம் கேட்டாலும் அத்தனை தரமும் ஓம் என்று சொல்வேன் அக்கா.

உங்கள் சொல்லை மீறிய,
ஒரே தங்கச்சி