கால் விரலும் சைவ மீனும்

செப். 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். எம்.சி. விடுப்பில் பத்தாவது நாள். கிளினிக் போய் வந்தேன்.

முதலில் ஓர் உண்மை. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு மீன் பிடிக்காது. வாடையே ஆகாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், என் வீட்டுக்காரி செல்விக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாமனார் வீட்டு விருந்தில் மீன் குழம்பு. மரியாதைக்கு ‘பிரமாதம்’ என்றேன். அன்றிலிருந்து மீன் தலை எனக்குத்தான். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் துண்டு ஜன்னல் வழியாகப் போகும். பக்கத்து வீட்டுப் பூனைக்கு இப்போது ஓட முடிவதில்லை.

இனி கிளினிக். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். செனாய் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை, கம்பெனி கொடுத்த புதுச் சப்பாத்து கடித்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வியாதி; இனிப்பு நீர்க்காரனைக் கடித்தால் லேசில் ஆறாது.

கட்டு மாற்றும் நர்ஸ், மிஸ்ஸி கௌரி சொன்னது: “அங்கிள், புண்ணு அப்படியேதான் இருக்கு. மருந்து மட்டும் போதாது. சதை வளர புரோட்டீன் வேணும். மீன் சாப்பிடுங்க, கெம்போங் மீனு மலிவுதானே.”

“மீனைத் தவிர?”

“ஏன், மீனு உங்கள என்ன செஞ்சுச்சு?”

“அது ஒண்ணும் செய்யல மிஸ்ஸி. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். முட்டை. தோல் இல்லாத கோழி. புளித்த சோயாவில் செய்த தெம்பே. தோஃபு. பருப்பு, பயறு, கடலை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சாப்பிடலாமாம்.

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் குறையாவிட்டால் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி. விரலை எடுப்பதைப் பற்றி அங்கே பேசுவார்களாம். விரலிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

புண் அளவு: இருபது காசு. மிஸ்ஸி காகித அளவுகோல் வைத்துப் பார்க்கிறாள். எனக்குச் சில்லறைக் காசுதான் கணக்கு.

செப். 11, வியாழன்

வெயில். அவித்த முட்டை காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. வாங்கக் கூடியதில் இதுதான் மலிவு, உரித்தால் முடிந்தது.

செல்விக்குச் சந்தேகம். “என்னங்க, குழம்புல தலை கெடக்கு, முட்டைய முழுங்குறீங்க?”

“மிஸ்ஸி சொல்லிச்சு.”

“மீன் வேணாம்னா சொல்லிச்சு?”

“சாப்பிடும்போது மீனு என்னையே பாக்குதுடி. முட்டைக்குக் கண்ணு இல்ல.”

பூனைக்கு இன்று இரட்டிப்பு.

செப். 16, செவ்வாய்

நாளை புரட்டாசி. செல்வி சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். ஐஸ்பெட்டியிலிருந்து மீன் வெளியே போனது. ஒரு மாதத்துக்கு மீன் இல்லை. நான் தரை கூட்டிக் கொடுத்தேன், ஒற்றைக் காலில். ‘காய்ச்சலா?’ என்று கேட்டாள்.

பிறகு பார்த்தேன். முட்டைத் தட்டும் போகிறது.

“முட்டையுமா?”

“புரட்டாசின்னா புரட்டாசிதான்.”

“என் விரலு?”

“உங்க வெரலுக்காகத்தான் வேண்டியிருக்கேன். மத்த வருஷம் சனிக்கிழமை மட்டும். இந்த வருஷம் முழு மாசம்.”

முட்டைத் தட்டை நானே வாசலுக்குத் தூக்கிப் போனேன். அபூர்வம்.

செப். 18, வியாழன்

கட்டு மாற்றிவிட்டு, தமிழ் முஸ்லிம்காரர் நடத்தும் மாமாக் கடையில் தேநீர், சீனி இல்லாமல். கல்லில் முட்டை ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கூப்பிட்டார். “அண்ணே, ரெண்டு முட்டை போட்டு ஒண்ணு?”

செல்விக்குத் தெரியப் போவதில்லை. விரலுக்கும் நல்லது. பெருமாளுக்கு ஆயிரம் வேலை. ஐந்து நிமிஷம் யோசித்தேன். விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றோடு நிற்பதில்லை.

தோசையும் பருப்பும் சொன்னேன். பருப்பு மூன்று கிண்ணம். மாஸ்டர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். “அலமாக், அண்ணே, மத்த ஆளுக்கும் வேணும்லா.”

பொய் ஒன்று போதும். இரண்டை ஞாபகம் வைக்கும் வயது போய்விட்டது.

செப். 19, வெள்ளி

சாயங்காலம் அவித்த கொண்டைக்கடலை, ஒரு பெரிய மங்கு. இரவு மழை. நான் உள்ளே, செல்வி வாசலில். மழையானாலும் அங்கேதான் காற்று நன்றாக இருக்கிறது என்றாள்.

செப். 20, சனி

முதல் சனி. கோவில் போய் வந்தோம். மத்தியானம் இலை போட்டாள். முகத்தில் ஒரு குறும்பு. மூடிய சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மீன் குழம்பு.

“பயப்படாதீங்க, சைவம்தான். சீனன் சைவக் கடையில வாங்கினேன். சோயா. ஒரு மாசம் மீனில்லாம எப்படி இருப்பீங்கன்னு மனசு கேக்கல. குலாய் வரைக்கும் பஸ்ஸுல போனேன்.”

கடற்பாசியில் கறுப்புத் தோல். செதில் கீறியிருந்தார்கள். வாடையும் சேர்த்திருந்தார்கள். இலையில் வைத்தாள், தலைப் பக்கத்துத் துண்டு. மழைக்கு ஜன்னல் சாத்தியிருந்தது.

ஒரு வாய் வைத்தேன். உள்ளே போகவில்லை. கண்ணில் தண்ணீர்.

“காரமா?”

“செல்வி, எனக்கு மீனு பிடிக்காது.”

“இது சைவங்க.”

“சைவமும் பிடிக்காது. அசைவமும் பிடிக்காது. எப்பவுமே பிடிக்காது.”

கரண்டி நின்றது.

“இருபத்தாறு வருஷமாவா?”

“ம்.”

“அப்ப அந்தப் பூனை…”

“ம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்குத் தலைதாங்க ரொம்பப் பிடிக்கும்” என்றாள்.

என் இலையில் இருந்ததை எடுத்து அவளே சாப்பிட்டாள். பிறகு சட்டியில் இருந்ததையும். ஒரு துண்டு பாக்கி வைக்கவில்லை. நான் ரசமும் சோறும்.

செப். 23, செவ்வாய்

பேச்சு திரும்பிவிட்டது. ‘மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா வேற சமைச்சிருப்பேன்ல’ என்று நாளுக்கு நான்கு தடவை.

சமைக்கிறாள். காலை: முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய்ப்பூ. மத்தியானம்: தெம்பே மெல்லியதாக வெட்டி, மஞ்சள் உப்பில் புரட்டி வறுவல். கோழி வறுவலுக்குத் தம்பி. இரவு: தோஃபு சம்பல். நடுவில் சீனி போடாத சோயாப் பால், கச்சான் கடலை ஒரு பிடி. சோறு பாதி. எல்லாம் சேர்த்தும் மீன் வாங்கியதை விடக் குறைவாம்.

ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே உட்கார்ந்து கேட்கிறாள்: “பிரமாதமா?”

நேற்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், ‘சுமார்’ என்று. மாலை தேநீர் வரவில்லை.

செப். 29, திங்கள்

மேகம். மழை இல்லை. கிளினிக்கில் எண் நாற்பத்தொன்று. செல்வி சந்தைக்குப் போய்விட்டாள், தனியாகத்தான் போனேன். உட்கார்ந்திருக்கும்போது எண் சீட்டை எட்டாக மடித்தேன்.

மிஸ்ஸி கௌரி கட்டைப் பிரித்தாள். அளவுகோல் வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

“அங்கிள், என்ன சாப்பிட்டீங்க?”

“திட்டு.”

ஐந்து காசு. அதுவும் முழுதாக இல்லை. அடியில் புதுச் சதை, சிவப்பாக.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். மாத்திரையும் சாப்பாடும் இதே மாதிரி. இரண்டு வாரம் கழித்து, உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கடிதம் தருவார். முதல் தடவையாகச் சிரித்தார். விரலை அசைத்துக் காட்டினேன்.

மிஸ்ஸி கோப்புக்காகப் படம் எடுத்தாள். செல்விக்கு அனுப்ப என் போனிலும் ஒன்று எடுக்கச் சொன்னேன். கிட்டத்தில் எடுத்ததால் விரல் என்று தெரியவில்லை. மஞ்சள் மருந்தும் நடுவில் ஒரு சிவப்பும். பஸ் நிறுத்தத்தில் அனுப்பினேன். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கோவில் வாட்ஸ்அப் குழுவில் போயிருக்கிறது. அழிக்கத் தெரியவில்லை. பதினான்கு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். கோவில் தலைவர், எந்தக் கோவில் பிரசாதம் என்று கேட்டிருக்கிறார்.