பழையதை வைத்துக்கொள்ளவா?

ஜனவரி 20, 2025, திங்கள்

இன்றும் மேனேஜர் தனுஜாவிடம் கேட்டுப் பார்த்தேன். பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையின் இணையம் முழுவதும் ஒரே ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் வெளியே போய் வருகிறது. அதிலிருக்கும் மென்பொருள் கிழடுதட்டிப் போய்விட்டது, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஒரு நாள் கொடுங்கள், அப்கிரேட் செய்துவிடுகிறேன் என்றால் மேனேஜரம்மா பாடுவது பழைய பாட்டுதான். "ஓடிக்கிட்டு இருக்கறத ஏன் ரோஹானா நோண்டுற? விடுலா."

சரி, விட்டேன். மார்ச்சில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. இந்த முறை நிரந்தரம், டீம் லீடர் வேலையும் உனக்குத்தான் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆறு வருடம் காத்திருந்தாயிற்று. இன்னும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா எனக்கு?

பிப்ரவரி 10

நாளை தைப்பூசம். கூட வேலை செய்யும் ஷர்வின் காவடி எடுக்கிறான், அவன் டியூட்டி என் தலையில். எங்களுக்குள் வழக்கம் இது: அவன் பண்டிகைக்கு நான், என் பண்டிகைக்கு அவன். சனிக்கிழமை தம்பி அஸ்லானுக்கு நிக்காஹ். அன்று அவன் எனக்காக இருப்பான். அவனும் கான்ட்ராக்ட்தான். எனக்குள்ள பயம் எல்லாம் அவனுக்கும் உண்டு.

பிப்ரவரி 13

தலைமை அலுவலகத்துத் தணிக்கைக்காரர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். இப்போது தனுஜாவுக்கு உடனே அப்கிரேட் வேண்டும். எப்போது? சனிக்கிழமை! மாதக்கணக்கில் கெஞ்சினேனே, அப்போதெல்லாம் காது கேட்கவில்லை. என் தம்பி கல்யாணத்தன்றுதான் கேட்கிறதாம்.

"அன்னிக்கு எனக்கு லீவு. சூத்தி அப்ரூவ் ஆயிடுச்சு மேடம்" என்றேன்.

"அப்ப ஷர்வின் செய்யட்டும். ரெண்டு கமாண்டுதானே?"

இரண்டு கமாண்டுதான். ஆனால் பாதியில் நின்று அது ஒரு கேள்வி கேட்கும். விதிகள் இருக்கும் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். எங்கள் புதியதைப் போடவா, உங்கள் பழையதை வைத்துக்கொள்ளவா? Y என்றால் புதியது, N என்றால் பழையது. எந்த மெஷின் இணையத்தில் எங்கே போகலாம் என்று ஆறு வருடமாக நான் எழுதிச் சேர்த்ததெல்லாம் அந்தப் பழையதில்தான் இருக்கிறது. ஷர்வினிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "N தம்பி. கண்ண மூடிக்கிட்டு N."

"சரிக்கா. நீங்க போய் கல்யாணத்தப் பாருங்கலா."

பிப்ரவரி 15

மண்டபத்தில் பந்தி நடக்கும்போது போன். "அக்கா, அந்தக் கேள்வி வந்துருச்சு. Y-யா N-ஆ?" ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல, என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. "N. பழசத்தான் வைக்கணும், N" என்றேன்.

பிரியாணித் தட்டைக்கூட நான் தொடவில்லை, அதற்குள் மறுபடி அவன். "அக்கா, மெஷின் லைன் எல்லாம் நின்னுருச்சு."

Y அழுத்தியிருக்கிறான்!

கல்யாணத்துக்கு உடுத்திய பாஜு குரோங் உடையோடு காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, புதியதைப் போட்டாலும் பழையதை அழிக்காமல் வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்திருக்கும். எடுத்துப் போட்டு, சர்வரைத் திரும்ப முடுக்கினேன். மெஷின்கள் ஓடின. மண்டபத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் குடும்பப் படத்தில் நான் இல்லை.

பிப்ரவரி 17

விசாரணைக் கூட்டம். "Y அழுத்தச் சொன்னது யாரு?" என்று தனுஜா கேட்டாள். ஷர்வின் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரோஹானா அக்காதான். போன்ல."

அடப்பாவி!

"நான் N-னுதான் சொன்னேன் மேடம்" என்றேன். அவள் சிரித்தாள். "கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டு என்ன சொன்னோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும் ரோஹானா?"

எனக்கு இருக்கிறது. எனக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 18

மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஷர்வினைப் பிடித்தேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை அவன். "எனக்கும் மார்ச்சுல முடியுதுக்கா. கைப்புள்ளக்காரன் நான்."

எனக்குப் பிள்ளை இல்லை. அதனால எனக்கு வயிறு இல்லையாடா? கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

மார்ச் 14

ஷர்வின் டீம் லீடர். நிரந்தரம். எனக்கு, இதுவரை உழைத்ததற்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல். நன்றியாம். நல்லா இருங்க.

மார்ச் 31

நோன்புப் பெருநாள். இந்த வருடம் எனக்காக யாரும் டியூட்டி பார்க்கத் தேவையில்லை.

ஜூலை 8

பாயான் பாருவில் ஒரு கணக்காளர் ஆபீஸ். சேர்ந்து ஒரு மாதமாகிறது. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதற்கா இத்தனை படித்தேன்?

அக்டோபர் 20, தீபாவளி

காலையில் போன். ஷர்வின். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், கை எடுத்துவிட்டது.

"அக்கா, மறுபடி அப்கிரேட். இந்தத் தடவ பெரிய வெர்ஷன் மாறுது. அதே கேள்வி வந்து நிக்குதுக்கா. Y-யா N-ஆ?"

"தீபாவளியும் அதுவுமா ஆபீஸ்ல என்ன செய்ற?"

"மாத்திக்க ஆளு இல்லக்கா."

என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. ஸ்பீக்கர். "பக்கத்துல யாரு?" என்றேன்.

"மேடம்."

"அப்படின்னா அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு மேடம் காதுல விழுற மாதிரி சொல்லு. சொல்லிட்டு அதையே அழுத்து."

அவன் சொன்னான். "N, மேடம். அக்கா அன்னிக்கும் N-னுதான் சொன்னாங்க."

"தெரியும்லா" என்றாள் தனுஜா. "அன்னிக்கும் நான் இங்கதானே நின்னேன். அழுத்து, நேரமாகுது."

தெரியுமாம். நான் N சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள்தான் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, Y சொன்னது யார் என்று கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் அன்று அவனிடம் Y அழுத்தச் சொன்ன வாயும் அவளுடையதுதானா? இனி அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஷர்வினுக்குத் தீபாவளி வாழ்த்துக்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.