என் மேஜைக்கு வராத சிவப்புத் துணி

மார்ச் 3

தையல் கூடத்தில் மருமகள் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். காலையில் எல்லோரும் பலகை முன் நின்று, நேற்று எது சரியில்லை, இன்று எதை மாற்றலாம் என்று பேச வேண்டுமாம். தவறு யார் கண்ணில் பட்டாலும் அந்த மேஜையில் ஒரு சிவப்புத் துணியை மாட்டலாம். வேலை நிற்கும், கூடிக் காரணம் தேடுவார்கள். திட்டு கிடையாது.

திட்டாமல் திருந்துவார்களா? நான் தையல் கற்ற கான்வென்ட்டில் சிஸ்டர் என் மடிப்பு ஓரத்தை அடிக்கோல் வைத்துப் பார்ப்பார். கோணினால் பிரிக்க வேண்டும். அவர் இறந்த பிறகு இந்தக் கூடத்தை நான் அப்படித்தான் நடத்தினேன் – அவர் என்றால் என் கணவர், சிஸ்டர் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் வெள்ளைக் கோட்டு ஒவ்வொன்றும் கடைசியில் என் கைக்கு வந்துதான் போகும்.

மார்ச் 5

பலகை முன் சிரிப்பு. நான் போனதும் நின்றது. என்னைப் பற்றித்தான்.

மார்ச் 11

வெட்டும் மேஜையில் சிவப்பு. பொத்தான் துளைக்குக் காஜா போடும் சிட்டு தன் மிஷினுக்குத் தானே மாட்டிவிட்டு, "ஊசி மொக்கையாயிடுச்சு, நூலை இழுக்குது" என்கிறாள், பரிசு வாங்கியவள் மாதிரி. வெட்கமே இல்லை.

என் மேஜைக்கு மட்டும் வரவில்லை. வராது.

மார்ச் 18

நான் சரிபார்த்துக் கட்டிய பண்டலில் இருப்பது என் முடிச்சு இல்லை. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள். மருமகளிடம் கேட்டேன்.

"நீங்க கட்டினதை அவுக்க இங்க யாருக்கு அத்தை தைரியம் இருக்கு?"

பதில் அல்ல அது. தையல் பிரிந்த கோட்டு ஒன்றைப் பண்டலுக்குள் செருகி, கிழவிக்குக் கண் போய்விட்டது என்று என்னை வீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறார்களா? சரிபார்க்கும் அந்த நாற்காலி போனால் எனக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 20

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகத் திரும்பினேன்.

இஸ்திரிக்காரர் என் பண்டலை அவிழ்த்து, ஜன்னலோரம் கோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நான் கவனிக்காமல் விட்ட தையலைச் சிட்டு சரிசெய்கிறாள். செருகவில்லை. திருத்துகிறார்கள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாம்மா" என்றார் இஸ்திரிக்காரர். "சின்னம்மாவுக்குத் தெரியாது." மருமகளைத்தான் சொல்கிறார்.

"சிவப்புத் துணி எதுக்கு இருக்கு?"

சிட்டுதான் வாயைத் திறந்தாள். "உங்க மேஜையில மாட்டிட்டு நாங்க உயிரோட வீடு போய்ச் சேர வேணாமா?"

மார்ச் 21

இவ்வளவு பயமா என்கிட்ட? அப்படி என்ன செஞ்சுட்டேன் நான்?

மார்ச் 22

மற்ற மேஜைகளில் தவறு வெளிச்சத்தில் தொங்குகிறது. என் மேஜையில் மட்டும் திருட்டுத்தனமாகத் திருந்துகிறது.

மார்ச் 24

காலையில் என் மேஜையில் சிவப்பு. நானே மாட்டினேன்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கிட்டே யாரும் வரவில்லை. மருமகள்தான் வந்தாள், மற்றவர்களிடம் கேட்கும் அதே குரலில், "என்ன பிரச்சினை அத்தை?"

"வெள்ளைத் துணியில வெள்ளை நூல். சரியாத் தெரியல."

யாரும் திட்டவில்லை. கண்ணைப் பற்றியும் பேசவில்லை. மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். கோட்டுக்கு அடியில் கறுப்புத் துணி விரிக்கலாம் என்றார் இஸ்திரிக்காரர். சிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தாள், இந்த முறை என் கண் முன்னால்.

சாயங்காலம் பண்டலையும் அவளே கட்டினாள். முடிச்சு படுமோசம். நாளைக் காலை பலகை முன் சொல்ல வேண்டும்.