இடம் விட்டுக் கட்டிய கயிறு

அன்பு மகளுக்கு,

நாளை புயல் கரை கடக்கிறது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என்னையும் கடல்சார் கல்லூரிக்கு உதவிக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சிக் கப்பலை மாணவர்கள் விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். “தண்ணி ரெண்டு ஆள் உயரம் ஏறும்பா. கப்பலும் கூடவே ஏறணும். இடம் விடலைன்னா கயிறு அறுந்துடும்” என்று அவிழ்த்துக் கட்ட வைத்தேன்.

“வீட்டுல மட்டும் இந்தப் பாடம் மறந்துடுச்சா சார்?” என்று சிரித்தார் நம் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கல்லூரிக் காவலாளி. நீ முதல் கப்பலேறப் புறப்பட்ட காலையில் நான் வாசலை மறித்து நின்றதைப் பார்த்தவர். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கடலுக்கு அனுப்பியவன் நான். அடுத்த கயிற்றைத் தளர்த்தப் போனேன்.

வீட்டுக்கு வந்து உன் புத்தகங்களை மாடிக்கு ஏற்றினேன். மற்றவை நனையட்டும்.

நீ போன இந்த ஐந்து வருடமாக உன் கப்பல் கம்பெனி முகவரிக்கே எழுதுகிறேன். நீ வரும் நாளிலும் வாசலில்தான் நிற்பேன், ஓரமாக.

உன் அப்பா