எடைக்கு எடை வெல்லம்

9 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு மாதச் செக்கப்.

எடை மெஷினில் ஏறும் முன் செருப்பைக் கழற்றினேன். கைப்பையை பெஞ்சில் வைத்தேன். வாட்சையும் கழற்றினேன். மூச்சை வேறு உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன், மெஷின் ஏமாந்துவிடும் என்பது போல. நர்ஸ் பெண் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினாள்: "பொன்னி, எழுபத்தி நாலு!"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் தலையில் துணி கட்டிய, கன்னம் ஒட்டிய பெண்கள். மூன்று வருடத்துக்கு முன் மார்பை எடுத்துவிட்டு, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். இன்று அவர்கள் நடுவில், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வழி தவறி வந்தவள் மாதிரி நின்றேன்.

கட்டி எதுவும் திரும்பவில்லை. ஆனால் சர்க்கரை வந்திருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு. டாக்டரம்மா கோபப்படவில்லை. மருந்து ஏற்றியதில் மாதவிலக்கு நின்றது, படுத்தே கிடந்தது, ஊட்டம் கொடுத்தது எல்லாம் சேர்ந்து பலருக்கு இப்படி ஆகிறது, உன் தப்பு என்று நினைக்காதே என்றார். பிறகு சொன்னார்: "கேன்சர்லேர்ந்து உன்ன காப்பாத்தினது மாரடைப்புக்குக் குடுக்கறதுக்கு இல்ல பொன்னி."

என் தப்பு இல்லையாம். சத்துமாவுக் கஞ்சியில் வெல்லத்தை அள்ளிப் போட்டுக் குடித்தது யார்? வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்து ஆள் ஆளுக்குக் கொண்டுவந்த மல்லாட்டை உருண்டையை டப்பா டப்பாவாகக் காலி செய்தது யார்? உயிர் போகிற நேரத்தில் ஊட்டினார்கள், சரி. உயிர் வந்த பிறகும் நான் வாயை மூடவில்லையே.

வெளியே என் வீட்டுக்காரர் குமரேசன் காத்திருந்தார். "இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாகீதாம்."

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சொந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொன்னார். சர்க்கரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

11 ஜூன்

சர்க்கரை மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கட்டின புருஷனிடம் இது ஒரு திருட்டுத்தனம்.

15 ஜூன், ஞாயிறு

கெடாரிலிருந்து அண்ணி வந்தார், குமரேசனின் அக்கா முனியம்மாள். பெரிய வாளி நிறைய கத்திரிக்காயும், ஒரு சேதியும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம், பொன்னி பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று. வருகிற ஆடி மாசம் நாலாவது வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள், அன்றைக்கே செய்துவிடலாம் என்றார்.

"வளவனூர் வெல்ல ஆலைல இப்பவே சொல்லி வெக்கணும். நீ எவ்ளோ இருக்கற இப்ப?"

ஊர் பார்க்கத் தராசில் உட்கார வேண்டும்.

"அறுபது அண்ணி."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்? குமரேசன் பக்கத்தில்தான் இருந்தார், அவருக்கு என் எடை தெரியாது. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அறுபதா! எங்காத்தா கண்ண தொறந்துட்டா."

18 ஜூன்

ஆடி வெள்ளிக்குள் அறுபதுக்கு வந்துவிட்டால் பொய் பொய்யாகாது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன்.

25 ஜூன், புதன்

திண்டிவனத்தில், பள்ளிக்கூடத்தில் மதியம். ஆபீஸ் ரூமில் ஜெசிந்தா டீச்சரும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். என் டப்பாவில் வெள்ளரிக்காய் மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எடை குறையவே மாட்டேன் என்கிறது என்றேன். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்: "நீங்க இன்னா பண்ணுவீங்க அக்கா? எங்க சித்தியும் இதே ஹார்மோன் மாத்திரை தான். அத போட்டுக்கினு தான் ஊதிப் போனாங்க."

விழுப்புரம் வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் இதே நினைப்பு. தினமும் ஒரு மாத்திரை, கட்டி திரும்பாமல் இருக்க. அஞ்சு வருடம் விடாமல் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை மாதம் விட்டால் என்ன? ஆடி வெள்ளி முடிந்ததும் திரும்ப ஆரம்பித்துவிடலாம்.

26 ஜூன்

போடவில்லை.

27 ஜூன்

இன்றும்.

13 ஜூலை, ஞாயிறு

அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "ஆலைக்காரன்கிட்ட சொல்லிட்டேன் பொன்னி. அவனே கேக்கறான், அந்தம்மாவா, அறுபது கிலோவா, அவ்ளோ தேறிட்டாங்களான்னு! எனக்கு அழுகையே வந்துடுச்சி."

வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். மனிதர்களை ஏமாற்றியது போதாது என்று சாமிக்கும் அளவு குறைக்கப் பார்க்கிறேன். த்தூ.

22 ஜூலை, செவ்வாய்

காலையில் திண்டிவனம் பஸ்ஸில் கண் இருட்டிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் மிட்டாய் கொடுத்து உட்கார வைத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டால் வேறு என்ன ஆகும்?

மருந்துக் கடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். எழுபத்தி மூன்று. இத்தனை பாட்டுக்கும் ஒரே ஒரு கிலோ. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. ஜாக்கெட்டுக்குள் இடப்பக்கம் வைக்கும் பஞ்சு நகர்ந்திருந்ததைக்கூட கவனிக்காமல் பள்ளிக்கூடம் வரை நடந்திருக்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்களோ.

7 ஆகஸ்ட், வியாழன்

நாளைக்கு. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

8 ஆகஸ்ட், ஆடி வெள்ளி, கெடார்

எழுதியே தீர வேண்டும்.

கோயிலுக்கு முன்னால் பெரிய இரும்புத் தராசைக் கட்டியிருந்தார்கள். ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு. எதிர்த் தட்டில் குமரேசனும் பூசாரியும் வெல்லத்தை அடுக்கினார்கள். ஒரு மூட்டை, இரண்டு, மூன்று. கூழுக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். கடைசி மூட்டையும் வைத்தாயிற்று. என் தட்டு தரையை விட்டு அசையவில்லை.

பூசாரி சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். "தராசு மக்கர் பண்ணுதா?"

கூட்டத்தில் ஒரு ஆம்பிளைக் குரல்: "தராசு நல்லா தான் கீது. உக்காந்துக்கினு கீற ஆளப் பாருங்க!"

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் சிரித்தார்கள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் வேண்டுதல் முடியாமல் தட்டை விட்டு இறங்கக் கூடாதாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணி, நான் எழுபத்தி மூணு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "நிக்கறீங்களே! நான் கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டா எங்காத்தா. வெல்லம் பத்தல. வூட்டுல இன்னா கீதோ ஜல்தி எடுத்தாங்க!"

தானே ஓடிப்போய் ஒரு கூடை கேப்பையோடு வந்தார். ஒருத்தி முறத்தில் மல்லாட்டை கொண்டுவந்து கொட்டினாள். யாரோ ரேஷன் சர்க்கரைப் பையைப் பிரிக்காமல் அப்படியே வைத்தார்கள். தட்டு லேசாக ஆடியது. கிண்டல் பண்ணிய ஆளே ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே வைத்தான். நான் தரையை விட்டு எழும்பினேன். ஓம் சக்தி, பராசக்தி என்று எல்லாரும் கூவினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டுத் தோட்டத்தில், கூழ் அண்டாவைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஏண்டி பொய் சொன்ன?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சர்க்கரை, பட்டினி, அந்த மாத்திரையை நிறுத்தியது. கடைசியாகச் சொன்னதுதான் தாமதம், அண்டாவை அப்படியே போட்டுவிட்டார்.

"எடை ஏறுதுன்னா நிறுத்துன? ஆஸ்பத்திரில உன்ன கட்டில்ல தூக்கிப் போட்டவ நானு. கையில கனமே தெரியல, துணி மூட்டையாட்டம் இருந்த. அன்னிக்கி உசுரக் குடுன்னு கேக்கக்கூட எனக்கு பயம். இவளுக்குக் கனத்தக் குடு தாயேன்னு தான் கேட்டேன். அதான் எடைக்கு எடைன்னு வேண்டிக்கினேன். அந்த எடைக்கு வெக்கப்பட்டுக்கினு உசுர வுடப் பாத்தியா பாவி?"

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சக்கரை எனக்கும் தான் கீது, ஊர்ல யாருக்கு இல்ல? இனிமே உன் வூட்டுக்கு ஒரு உருண்டை வராது, பாத்துக்கோ" என்றார். குமரேசனைக் கூப்பிட்டு, என்னையே எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வைத்தார்.

9 ஆகஸ்ட்

மாத்திரை போட்டேன். குமரேசன் தண்ணீர் டம்ளரோடு எதிரிலேயே நின்றார். என்னைத் திட்டவில்லை. "என்கிட்ட சொல்றதுக்கு கூடவா வெக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

17 ஆகஸ்ட்

காலையில் இருவரும் ரயில்வே காலனி வரை நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு அதைவிட. ராத்திரி இரண்டு தோசை, பசி அடங்கும் வரை கீரை. பட்டினி கிடையாது.

25 ஆகஸ்ட், திங்கள்

பாண்டி. டாக்டரம்மாவிடம் மாத்திரையை விட்டதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். எடைக்கும் சர்க்கரைக்கும் வேறு வழி இருக்கிறது, இந்த மாத்திரைக்கு மாற்று நீயாக முடிவு பண்ணாதே, என்னைக் கேள் என்றார். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால், எடை மெஷின். செருப்பை மட்டும் கழற்றினேன். வாட்ச் கையிலேயே இருந்தது. நர்ஸ் எட்டிப் பார்ப்பதற்குள் நானே சொன்னேன், அவள் சொல்கிற அதே சத்தத்தில்: "எழுபத்தி ரெண்டு."

இறங்கும்போது, அடுத்து நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் பச்சைத் துணி. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை நழுவி ஓடுகிறது.

"அக்கா, நீங்களும் இங்க தான் வைத்தியம் பாத்தீங்களா?"

"ஆமாம்மா. மூணு வருஷம் ஆச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் புடவையை இழுத்து மூடவில்லை.

"நானும் உங்களாட்டம் ஆவேனாக்கா?"

"ஆவ" என்றேன். "ஆனா மல்லாட்டை உருண்டை கொண்டாந்தாங்கன்னா, ஒண்ணோட நிறுத்திக்கோ."