மகனுக்குச் சொன்ன ஆறு எண்கள்

ஜூன் 14, வெள்ளி

ஜும்மா முடிந்து வரும்போது சென்னையிலிருந்து மகன் கூப்பிட்டான். "அத்தா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்துகீது பாருங்க, சொல்லுங்க." எங்களுக்கு கேஸ் பதிவு செய்வது அவன்தான். சிலிண்டருக்கான எண் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

மாலையில்தான் தெரிந்தது. துணி வியாபாரத்துக்காகச் சிங்கப்பூருக்குப் பறந்து பறந்து நான் சேர்த்த விமானப் புள்ளிகள் மொத்தமும் காலி; நானும் மனைவியும் பினாங்கு போக இலவச டிக்கெட்டுக்கு வைத்திருந்தவை. நான் சொன்ன எண்ணை வைத்து அந்தப் புள்ளிகளில் டிக்கெட் எடுத்து, அவனும் மருமகளும் பாலிக்குச் சுற்றுலா போகிறார்கள்.

"பினாங்குல சின்னம்மா படுத்துகினு இருக்கறது தெரியாதாடா?"

"இன்னாத்துக்கு பேஜாரு அத்தா? அடுத்த வருஷம் போய்ப் பாருங்க."

அடுத்த வருடம் வரை அவள் இருப்பாளா? ரத்து செய் என்றேன். போனை வைத்துவிட்டான். அவன் திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் நுழைய விடமாட்டேன்.

என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கைக்குக் கொண்டுபோக நெத்திலிக் கருவாட்டைச் சமையலறையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.