உழுத மீட்டரும் பறக்காத சிறகும்

ஜூன் 2, ஞாயிறு

மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது இன்று டிராக்டர் ஏறிவிட்டது.

பழைய போர் விமானச் சாமான்கள் சேர்க்கிற எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டம். மொத்தச் சங்கமும் ஒரு வேனில் அடங்கிவிடும். என்னுடைய எண்ணெய் அழுத்த மீட்டரை எடுத்துப் போயிருந்தேன். பித்தளை வளையம், வெள்ளை முள், கண்ணாடியில் ஒரு கீறல். சண்டை விமானத்தில் பைலட்டின் முழங்காலுக்கு எதிரே இருந்தது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்து வந்த சாமான். கீறலுக்குக்கூடத் தனியாக ஒரு கதை வைத்திருந்தேன்.

எங்கள் வழக்கப்படி பொருள் மேசையைச் சுற்றிக் கைமாறும். ஒவ்வொருவரும் திருப்பிப் பார்ப்பார்கள். முன்பக்கத்தை யாரும் நம்புவதில்லை. நிஜம் என்றால் நிமிர்த்தி வைப்பார்கள். போலி என்றால் குப்புறப் போட்டுவிடுவார்கள். வாயைத் திறக்கவே வேண்டாம்.

தலைவி பல் டாக்டரம்மா. ஓய்வு பெற்றும் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை விடவில்லை. அதை மீட்டரின் பின்பக்கத்து இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். குப்புறப் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"என்ன டாக்டர், எந்த விமானம்னு பிடிபடலையா?"

"இது பறந்ததில்லீங்க. உழுதது."

உள்ளே டிராக்டர் கம்பெனி முத்திரையாம். சிரிப்பு அடங்குவதற்குள் என் டீ ஆறிவிட்டது. அதைவிட மோசம், என்னை வண்டியில் அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை வாசலில் நின்று அத்தனையும் கேட்டுவிட்டார். வழி நெடுக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது புதுசில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "வாங்க." "சாப்டீங்களா?" "வரேன் மாமா."

ஜூன் 3

காலையில் வீட்டுக்காரி: "அந்தக் கீறல் குண்டு உரசினதுன்னீங்களே. அப்ப அது என்னங்க, மாடு முட்டினதா?"

ஜூன் 9, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். மாப்பிள்ளை ஏன் என்னைக் கண்டால் ஊமையாகிவிடுகிறார் என்று கேட்டேன். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், வேலை இடத்தில் நன்றாகத்தான் பேசுகிறாராம்.

"அவருக்கு அப்பா முகமே தெரியாதுப்பா. உங்ககிட்ட என்ன பேசறது, எப்படிப் பேசறதுன்னு என்னைக் கேட்டுட்டே இருக்கார். நீங்களும் தூண் மாதிரி உட்கார்ந்தா எப்படி?"

என் டயர் கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் நாள் முழுக்கத் தொணதொணக்கிற நான், தூணாம். ஆனால் உண்மை. அவரைக் கண்டால் என் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கூச்சத்துக்கு எதிரே இன்னொரு கூச்சத்தை உட்கார வைத்தால் பேச்சு எங்கிருந்து வரும்?

ஜூன் 16, ஞாயிறு

மாப்பிள்ளை பேசினார்!

தனியாக வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். மனப்பாடம் செய்து வந்திருக்க வேண்டும்.

"மாமா, அன்னிக்கு அவங்க சிரிச்சாங்கல்ல? எனக்கு மனசே ஆறல. அதான் மத்தியானம் சாப்பிடற நேரத்துல எல்லாம் போன்ல தேடிட்டே இருந்தேன். பைலட் சட்டையில தைச்சிருந்ததாம். கம்பெனி சர்ட்டிபிகேட்டும் இருக்கு. இனிமே உங்களைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது மாமா."

பெட்டிக்குள் துணியில் தைத்த பைலட் சிறகுச் சின்னம். நீலத் துணி, ஜரிகை வேலை, நடுவில் வட்டம். அழகு. தேடிய கதையையெல்லாம் சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்ட ஒரு பெரிய மனிதர் கதையையும் சேர்த்துச் சொன்னார். "நானும் பறக்கறவன்தான் மாமா. என்ன, மேலயும் கீழயும் மட்டும்." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சமையலறையிலிருந்து இவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பாழாய்ப்போன இந்தக் கை சும்மா இருந்ததா? பழக்க தோஷம். திருப்பிவிட்டது.

பின்பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஜூன் 17

கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து நூல் அந்த வெளிச்சத்தில் இருட்டாகவே கிடக்கும். புது நூல்தான் மின்னும். இது சலவைப் பவுடர் விளம்பரம் மாதிரி மின்னியது. மோந்து பார்த்தால் டீ வாசனை. துணியைப் பழசாகக் காட்ட, விற்றவன் டீயில் முக்கியிருக்கிறான். சர்க்கரை போடாமல் விட்டானே, அதுவரைக்கும் யோக்கியன்.

இப்போது என்ன செய்வது?

ஜூன் 20

மாப்பிள்ளை போனில். தானாகக் கூப்பிட்டார்! "ஜூலைக் கண்காட்சியில அதை வைப்பீங்கல்ல மாமா? என் கூட வேலை பாக்கறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

"வைக்காம?" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

கண்காட்சிக்குப் போகிற எதுவும் முதலில் எங்கள் மேசையைத் தாண்ட வேண்டும். அங்கே டாக்டரம்மா இதைக் குப்புறப் போடுவார். மாப்பிள்ளையும் உடன் வருகிறேன் என்கிறார். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்த மனிதர் — அதைப் பார்த்தால் மறுபடி திறப்பாரா? சரி, நிஜம்தான் என்று நானே சாதித்துவிட்டால்? அதுவும் முடியாது. பத்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தும் ஏறாத மண்டையில் ஏறிய ஒரே படிப்பு, பொய்யைப் பொய் என்று கண்டுபிடிப்பதுதான்.

இவளிடம் சொன்னேன். "ஊர்ல யார் யாரோ உங்களை ஏமாத்தினாங்க. பாவம், இவர் உங்களுக்காக ஏமாந்திருக்கார்" என்றாள். அதற்கு மேல் யோசனை எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிசு.

ஜூன் 29, சனி

ஒவ்வொரு பொருளோடும் ஓர் அட்டை வைக்க வேண்டும். என்ன பொருள், எந்தக் காலம், எப்படி வந்தது என்று மூன்று வரி. முதல் இரண்டையும் வெறுமனே விட்டேன். மூன்றாவதில் எழுதினேன்: "என் மாப்பிள்ளை எனக்காகத் தேடித் தந்தது."

கை ஓடுகிற வேகத்தில் மீட்டருக்கும் ஓர் அட்டை எழுதினேன்: "டிராக்டர் மீட்டர். இதன் சொந்தக்காரர் இதை விமானத்தினுடையது என்று வெகுகாலம் நம்பினார். நீங்கள் நம்ப வேண்டாம்."

ஜூன் 30, ஞாயிறு

மேசை. மாப்பிள்ளை மூலை நாற்காலியில், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி. சிறகு என் இடத்திலிருந்து கிளம்பி நேரே டாக்டரம்மாவிடம் போயிற்று. திருப்பினார். மோந்தார். புருவம் ஏறியது.

பிறகு அட்டையைப் படித்தார். மூலை நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிமிர்த்தியும் வைக்கவில்லை, குப்புறவும் போடவில்லை. எழுந்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அட்டையில எழுதியிருக்கறது அத்தனையும் நிஜம். வைக்கலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாள் நூறு வருஷம் பல்லோடு வாழட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

கண்காட்சி. நல்ல கூட்டம். அதிகம் பேர் நின்று படித்துச் சிரித்தது டிராக்டர் மீட்டரின் அட்டையை. ஒருவர் அதோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார். இனி நான் சங்கத்தில் தலை நிமிர்ந்து உழலாம்.

நிஜத்தையும் போலியையும் பிரித்துக் காட்ட ஊதா டார்ச்சோடு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் போட்டிருந்தோம். அதை மாப்பிள்ளையே கேட்டு வாங்கிக்கொண்டார். "மின்னினா புதுசு, மின்னலைன்னா பழசு" என்று காலை முழுக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தாற்போல் என்ன வைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாதா?

டீ குடித்துவிட்டு வருவதற்குள் நடந்துவிட்டது. கூடாரத்திலிருந்து ஓடி வந்த ஒரு பெண் குழந்தை எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னது: "அந்த அங்கிள் பெட்டியில இருந்து எடுத்து வச்ச சிறகுதான் எல்லாத்தையும்விட சூப்பரா மின்னிச்சு!"

பின்னாலேயே மாப்பிள்ளை. கையில் சிறகு. என்னைப் பார்த்தார். "மாமா..." என்றார். அதற்குள் அவருடைய வேலைக் கூட்டாளிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வீடு திரும்பும்போது மறுபடி பழைய ஊமை ஊர்வலம்.

தூக்கம் வரவில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டுமோ?

ஜூலை 8

கடை அடைத்து வந்தால் வாசலில் அவர் செருப்பு! இவளும் மகளும் சமையலறையில். அவர் என் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றிருந்தார். மேல்தட்டில், நட்டநடுவில் நான் வைத்திருந்த சிறகைக் காணோம். கீழ்த்தட்டில், டிராக்டர் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

"துணைக்கு வச்சேன் மாமா. அதுவும் பறக்கல, இதுவும் பறக்கல."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கண் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திருப்பினப்பவே."

"அப்புறம் ஏன் மாமா சொல்லல? போயும் போயும் அதைத் தூக்கி நடுவுல வச்சிருந்தீங்களே."

இவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அதே வாசனை. "ஆறிடப்போகுது, குடிங்க மாப்ள" என்றேன். 'மாப்பிள்ளை' எப்போது 'மாப்ள' ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் குடித்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு டார்ச்சைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். லிஃப்ட் கதை இன்னும் இரண்டு சொன்னார். போகும்போது "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு மேலும் அரைமணி நேரம் வாசலில் நின்று பேசினார்.

அலமாரியில் இருக்கிற மற்றதெல்லாம் யாரோ யாருக்கோ செய்தது, யார் யார் கையையோ தாண்டி வந்தது. பாதி வழி எனக்குத் தெரியாது. இது ஒன்றுதான் என்னை நினைத்து ஒருவர் தேடி, என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தது. அதனால்தான் நடுவில் வைத்திருந்தேன்.

அதை அவரிடம் சொல்லவில்லை.